முன் சீட் மரியாதை

மெழுகு வர மாட்டேன் என்றது.

சின்ன மாப்பிள்ளை துணியை மடித்துத் தேய்த்துப் பார்த்தார். பிரித்துத் தேய்த்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தேய்த்துப் பார்த்தார். பானட்டிலிருந்து டிக்கி வரை வண்டி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளைவெளேரென்று நின்றது. காலையில் அது கருநீலக் கார்.

வாசலுக்கு வந்த மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, கலரை மாத்திட்டீங்களா?"

"மெழுகு. காய விட்டிருந்தேன்."

"காஞ்சிடுச்சா?"

"கொஞ்சம் அதிகமாவே."

அப்போதுதான் அவர் மெழுகு டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்ததைப் படித்தார். நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகத் தடவி, உடனுக்குடன் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் உச்சி வெயிலில் நிறுத்தி, முழுக் காருக்கும் ஒரே மூச்சில் தடவி, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

மணி ஒன்றரை. நாலு மணிக்கு மாமனார் வந்துவிடுவார்.

சின்ன மாப்பிள்ளை என்பது மாமனார் வீட்டில் விழுந்த பெயர். வயது நாற்பத்து மூன்று, காதோரம் நரை கண்டாகிவிட்டது. இருந்தாலும் இரண்டாவது மகளைக் கட்டியவர் கடைசி வரை சின்ன மாப்பிள்ளைதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் உத்தியோகம். தேய்த்தால் தீராத குறை எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவருடைய கட்சி. தேய்த்தும் தீரவில்லையா, இன்னும் தேய்க்கவில்லை என்று அர்த்தம்.

மாமனார் முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து சீட்டில் தனக்கென்று இன்னொரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஸ்கூலை மூடி ஐந்து வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். இன்று சாயங்காலம் பழைய மாணவர்கள் ஒன்று சேர்ந்து அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். மண்டப வாசலில் நூறு பேர் காத்திருப்பார்கள். மாஸ்டர் ஒரு காரின் முன் சீட்டிலிருந்து இறங்குவார்.

எந்தக் கார்? சின்ன மாப்பிள்ளைக்கு ஒரு மாதமாகத் தூக்கம் போனது இந்தக் கேள்வியால்தான்.

அவர் கார் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதில் மாமனார் ஒருநாள்கூட ஏறியதில்லை. எங்கே போனாலும் பெரிய மாப்பிள்ளை வண்டியின் முன் சீட்டில்தான் போய் உட்காருவார். அதாவது சின்ன மாப்பிள்ளையின் சகலை. டயர் கம்பெனியில் விற்பனை அதிகாரி. பேச ஆரம்பித்தால் வாயோடு சேர்ந்து இரண்டு கையும் பேசும். மூன்று வருஷத்துக்கு ஒரு புது வண்டி மாற்றுவார். சின்ன மாப்பிள்ளை வண்டியில் யார் வருவார்கள் என்றால், மாமியார் வருவார். மாமியாரோடு கண்ணாடிச் சாமான், முட்டை அட்டை, தையல் மெஷின் எல்லாம் வரும். ஒருமுறை மீன்கள் நீந்திக்கொண்டிருந்த தொட்டியே வந்தது. சகலைக்குப் பெண் பிறந்தபோது தாயும் பச்சைக் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து இவர் காரில்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். பெற்ற அப்பனும் தாத்தாவும் பின்னால் அந்தப் பளபளக் காரில் வந்தார்கள்.

"என்னைச் சாமான் வண்டிக்காரன்னே முடிவு பண்ணிட்டாங்க உங்க வீட்டுல" என்று மனைவியிடம் குமுறுவார்.

"அப்பா எதையும் காரணமில்லாம செய்ய மாட்டாருங்க" என்பாள் அவள். அது ஆறுதலா குத்தலா என்று இன்று வரை அவருக்குப் பிடிபடவில்லை.

காரணம் போன மாதம்தான் கிடைத்தது. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மாமனார் இவருடைய பானட்டில் ஒரு விரலை ஓட்டி, விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்து, "வண்டியைக் கொஞ்சம் தேய்ச்சு வெக்கலாமே மாப்ள" என்றார். சொல்லிவிட்டு நேராகப் போய்ச் சகலை வண்டியில் ஏறிக்கொண்டார்.

தேய்ச்சு! அதுவும் யாரிடம், லென்ஸ் தேய்க்கிறவரிடம்! அன்றைக்கே சின்ன மாப்பிள்ளை முடிவெடுத்துவிட்டார். பாராட்டுக் கூட்டத்துக்கு மாமா இந்த முன் சீட்டில்தான் போவார். இல்லையென்றால் தான் லென்ஸ் தேய்த்தே பிரயோஜனமில்லை.

அந்தக் கார்தான் இப்போது வெள்ளையடித்து நிற்கிறது.

முதலில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். வெள்ளை போகவில்லை. பிசுபிசுப்பு மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது. டப்பா விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மெழுகு பிடிச்சிக்கிட்டு வர மாட்டேங்குது."

"வெயில்ல போட்டீங்களா?"

"லேசான வெயில்."

"இன்னிக்கு லேசான வெயிலா?" கடைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். "ஒண்ணு பண்ணுங்க. அதுமேலயே இன்னொரு கோட்டிங் மெழுகு போடுங்க. பழசு இளகும். இளகினதும் உடனே துடைச்சிடுங்க. உடனேன்னா உடனே. மறுபடி சாப்பிடப் போயிடாதீங்க."

நான் சாப்பிடப் போனது இவருக்கு எப்படித் தெரியும் என்று சின்ன மாப்பிள்ளைக்கு ஆச்சரியம். ஆனாலும் மனுஷன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வண்டியை வாசல் மரத்து நிழலுக்குத் தள்ளி, மெழுகின்மேல் மெழுகு தடவித் துடைத்ததும் அடியிலிருந்து கருநீலம் எட்டிப் பார்த்தது. ஆனால் துணி போதவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் துணிகள் நாலு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். நாலும் பானட் முடிவதற்குள் மெழுகு குடித்து விறைத்துப்போயின. துண்டு போனது. இரண்டு பனியன் போனது. தலையணை உறை போனது. கடைசியில் கொடியில் தொங்கிய ஒரு சட்டையைச் சுருட்டிப் பிடித்து, ஓட்டுநர் பக்கக் கதவை ஓங்கித் தேய்த்தார்.

கர்ரக்.

சட்டையில் பொத்தான் இருந்தது.

கதவின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். மனைவி ஓடி வந்தாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, பொத்தான்."

"ஐயையோ! அது நீங்க சாயங்காலம் போட்டுக்கிறதுக்கு நான் அயர்ன் பண்ணி வெச்ச சட்டை!"

"சட்டைய விடு. கதவைப் பாரு."

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "போதுங்க. ஒரு கீறல்தானே. அக்கா வீட்டுக்காரர் வண்டியில பின்னாடி எத்தனை நசுங்கல் இருக்கு, அதுல அப்பா போகலையா? இதோட விட்டுடுங்க."

இதோடு விடுவதா? நாளெல்லாம் கீறல் எடுத்துப் பிழைக்கிறவரிடம் பேசுகிற பேச்சா இது? உள்ளே போய் பாலிஷ் பசையை எடுத்து வந்தார். கீறலின்மேல் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். முதலில் முரட்டுப் பசை, அப்புறம் நடுத்தரம், அப்புறம் வெண்ணெய் மாதிரி மெல்லிசு. லென்ஸுக்குச் செய்கிற அதே வரிசை. பத்து நிமிஷத்தில் கீறல் மாயமானது. அவரே அசந்துபோகிற மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினுமினுப்பு எழுந்தது. அதில் அவருடைய மூக்கு தெரிந்தது. மூக்கின்மேல் இருந்த வேர்வைத் துளி தெரிந்தது.

தொல்லை என்னவென்றால், அந்த உள்ளங்கை அகலத்துக்குப் பக்கத்தில் மீதிக் கதவு பரிதாபமாகத் தெரிந்தது. கதவு முழுவதையும் தேய்த்தார். இப்போது பின் கதவு பரிதாபமாகத் தெரிந்தது. பின் கதவை முடித்ததும் பானட், பானட்டுக்கு அப்புறம் மறுபக்கம், மறுபக்கத்துக்கு அப்புறம் டிக்கி. கை வலித்தது, தோள் வலித்தது. கடைசியில் எது வலிக்கிறதென்றே தெரியாமல் போனது. அவர் நிறுத்தவில்லை. மண்டப வாசலில் நிற்கப்போகும் நூறு பேரும் கண்முன் வந்து வந்து போனார்கள்.

மூன்று மணிக்கு ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கார் நிற்கிற மாதிரியே தெரியவில்லை. மரமும் வானமும் வாசல் படியும் காரின் வடிவத்தில் நின்றன.

"பாரு" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று மனைவி ஒப்புக்கொண்டாள். "ஆனா அந்தக் கறுப்பு ரப்பர் எல்லாம் ஏன் திருநீறு பூசின மாதிரி இருக்கு?"

மெழுகுத் தூள். கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பரிலும் பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் வெள்ளை வெள்ளையாக ஏறி உட்கார்ந்திருந்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். யாருடைய பிரஷ் என்று பார்க்கவில்லை. தூள் இடுக்குக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது.

கறுப்புக்குக் கறுப்புதான் மருந்து என்று தோன்றியது. உள்ளே ஓடினார். மனைவி ஒரு ஜோடி ஷூவைக் காகிதத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷூ பாலிஷ் எங்க?"

"அப்பா ஷூவுக்கே நான் இன்னும் போடல. அடி மாத்தி இப்பத்தான் வாங்கிட்டு வந்தேன். இதைப் பாருங்களேன், ஒவ்வொரு தடவையும் வலது கால் ஷூ மட்டும்தான் தேயுது. இடது கால் புத்தம் புதுசா இருக்கு. எப்படித்தான் நடக்கிறாரோ!"

"பாலிஷைக் குடு முதல்ல."

ஷூ பாலிஷ் ரப்பரைக் கறுப்பாக்கியது. கூடவே பக்கத்திலிருந்த கருநீலத்திலும் நாலு இடத்தில் அப்பியது. அதைத் துடைத்ததில் மெழுகு போனது. மெழுகு போன இடத்தில் மறுபடி மெழுகு தடவியதில் ரப்பர் மறுபடி வெளுத்தது. இந்தச் சுற்றில் மூன்று தடவை போய்வந்த பிறகு கடைக்காரருக்கு மறுபடி போன் போனது.

"ஷூ பாலிஷா?" என்றார் கடைக்காரர். "நீங்க மெழுகு வாங்கினப்ப, டயருக்குப் போடுற கறுப்புத் திரவம் ஒரு பாட்டில் இலவசமாக் குடுத்தேனே, அது எங்க?"

"இங்கதான் இருக்கு."

"அதை ரப்பர்லயும் பம்பர்லயும் தொட்டு வைங்க. புதுசு மாதிரி ஆயிடும். டயர்ல ஓரத்துக்கு மட்டும், தரையில படுற இடத்துல வேணாம். அப்புறம்..."

அப்புறத்துக்குச் சின்ன மாப்பிள்ளை காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பாட்டிலைத் திறந்துவிட்டார்.

திரவம் அற்புதம் செய்தது. ரப்பர் மை மாதிரி கறுத்தது, பம்பர் பளபளத்தது, டயரின் ஓரங்கள் ஈரத் திராட்சை மாதிரி மின்னின. இத்தனையும் முடிந்த பிறகும் பாட்டிலில் பாதி இருந்தது. மணி மூன்றேமுக்கால். ஒரு மனுஷனிடம் பாதிப் பாட்டிலும் கால் மணி நேரமும் மிச்சமிருந்தால் அவர் சும்மா இருப்பாரா? டேஷ்போர்டுக்குப் போட்டார். ஸ்டியரிங்குக்குப் போட்டார். கியர் தண்டுக்குப் போட்டார். பிறகு தலையைக் கீழே விட்டு, கால்களை வெளியே நீட்டி, சீட்டுக்கு அடியில் புகுந்தார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"பெடலு."

"கால் வைக்கிற இடத்துக்குக் கூடவா பாலிஷ்?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "உனக்குத் தெரியாது. உங்கப்பா எந்த வண்டியில உட்கார்ந்தாலும் முதல்ல எங்க பாப்பாரு தெரியுமா? ஓட்டுறவங்க காலைப் பாப்பாரு. பாதி நேரம் ரோட்டையே பாக்க மாட்டாரு, கால்மேலதான் கண்ணு. சகலை வண்டியில பின்னாடி உட்கார்ந்து நான் எத்தனை தடவை கவனிச்சிருக்கேன். மத்தவங்க எல்லாம் வெளியே தேய்ப்பாங்க. நான் அவர் பாக்குற இடத்தைத் தேய்க்கிறேன்."

மூன்று பெடல்களும் மின்ன மின்ன அவர் வெளியே வந்தார். முழங்கை வரை கறுப்பு, முகத்தில் வெள்ளை, உதட்டில் வெற்றி.

நாலு மணிக்கு வாடகைக் காரில் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமியார் மடியில் ஒரு பெரிய கண்ணாடி போட்ட படம். டிரைவிங் ஸ்கூலின் முதல் காரும், அதன் பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் மாஸ்டரும். மேடையில் வைக்க வேண்டிய படம். வழக்கம்போல மாமியார் அதை நேராகச் சின்ன மாப்பிள்ளை வண்டியின் பின் சீட்டில் வைத்தார்.

பின்னாலேயே சகலையின் கார் வந்து வாசலுக்கு வெளியே நின்றது. சகலை இறங்கினார். கையை வீசி ஏதோ சொல்ல வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சகல, இது பழைய வண்டிதானா?"

"அதேதான்."

"என் மூஞ்சி தெரியுதுய்யா!" பெரிய மாப்பிள்ளை குனிந்து கதவில் தலையை வாரிக்கொண்டார். "எந்தக் கம்பெனில குடுத்தீங்க?"

"நம்ம கைதான்" என்றார் சின்ன மாப்பிள்ளை. பதினோரு வருஷத்தில் அவர் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு சந்தோஷமாகவும் பேசியதில்லை.

மாமனார் மகள் எடுத்துக் கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டில் ஒரு விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"ம். நல்லாத் தேய்ச்சிருக்கீங்க மாப்ள."

சின்ன மாப்பிள்ளைக்கு நெஞ்சு விம்மியது. இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. "மாமா, வண்டியை வாசலுக்கு வெளியே எடுத்துடறேன். நீங்க... நீங்க சௌகரியம்போல ஏறிக்கலாம்" என்றார்.

வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். வண்டி மெதுவாக வாசலைத் தாண்டியது. சகலையின் கார் பத்தடி தூரத்தில் நின்றது. எட்டடியில் பிரேக்கில் கால் வைத்தார்.

கால் பிரேக்கில் நிற்கவில்லை. வாழைப்பழத் தோலில் வைத்த மாதிரி சர்ரென்று நழுவி ஆக்ஸிலேட்டரில் போய் விழுந்தது. கார் முயல் மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. ஸ்டியரிங்கை ஒடித்தார். கைதான் திரும்பியது, ஸ்டியரிங் திரும்பவில்லை. "மாப்ள!" என்று மாமனார் குரல் கேட்டது. இரண்டு கையாலும் கை பிரேக்கைப் பிடித்து இழுத்தார்.

கார் நின்றது. சகலையின் பின் பம்பருக்கும் இவருடைய பம்பருக்கும் நடுவே ஒரு லென்ஸ் துணியை மடித்துச் செருகலாம், அவ்வளவுதான் இடைவெளி.

மாமியார் நெஞ்சில் கை வைத்திருந்தார். மனைவி கண்ணை மூடியிருந்தாள். சகலை முதன்முறையாக இரண்டு கையையும் அசைக்காமல் நின்றார்.

போச்சு என்று நினைத்தார் சின்ன மாப்பிள்ளை. ஒரு மாதக் கனவு, ஒரு நாள் முழுக்கப் பட்ட பாடு, எல்லாம் ஒரு நொடியில் போச்சு. வெட்கத்தில் காது சிவந்து, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாமனார் நிதானமாக நடந்து வந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். குனிந்து பிரேக் பெடலை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"பெடலுக்குமா மாப்ள?"

"ஆமா மாமா. ஸ்டியரிங்குக்கும்."

"ம்."

மனைவி சோப்புத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, பெடல்களையும் ஸ்டியரிங்கையும் தேய்த்துத் துடைத்தாள். அது முடிகிற வரை மாமனார் சகலையின் காரைப் பார்த்தார், பிறகு இந்தக் காரைப் பார்த்தார். மறுபடியும் அதை, மறுபடியும் இதை. எதையோ எடை போடுகிறவர் மாதிரி இருந்தது. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பெரிய மாப்ள, நீங்க முன்னாடி போங்க. நான் இன்னிக்குச் சின்னவர் வண்டியில வர்றேன்."

சின்ன மாப்பிள்ளைக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. மாமனார் சுற்றி வந்து முன் கதவைத் திறந்தார். ஏறினார். அந்தச் சீட்டில், அவருடைய காரின் அந்தச் சீட்டில், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். கதவுக்கு மேலே இருந்த பிடியை ஒரு கையால் பற்றினார். புதிதாக அடி மாற்றிய வலது கால் ஷூவைத் தரையில் நன்றாக ஊன்றினார். எவ்வளவு ஜம்மென்று உட்கார்கிறார் என்று சின்ன மாப்பிள்ளை மனம் நிறைந்து பார்த்தார்.

துள்ளினால் என்ன, நழுவினால் என்ன? பளபளப்பு ஜெயித்துவிட்டது. தேய்த்தால் தீராத குறை எதுவும் உலகத்தில் இல்லை.

பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் ஏறுகிறார் என்று நினைத்தார். மாமியார் ஏறவில்லை. கண்ணாடி போட்ட படத்தைப் பத்திரமாக வெளியே எடுத்து, இளைய மகள் கையில் கொடுத்தார். மகள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சகலையின் காரை நோக்கி நடந்தாள்.

சின்ன மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அத்தை, இடம் இருக்கே! கண்ணாடிச் சாமான் எப்பவும் நம்ம வண்டியிலதானே வரும்?"

மாமியார் கணவருக்குக் கேட்காதபடி அவர் காதருகே குனிந்தார்.

"முப்பது வருஷத் தொழில் புத்தி மாப்ள அவருக்கு. யார் ஓட்டினா பயமோ, அவங்க பக்கத்துலதான் உட்காருவாரு."